ஜீன்ஸ் அலமாரியின் கீழ்த்தட்டு

“இதைப் போட்டுக்கினு ஊட்டுக்கு எப்படிப் போறது?”

டிரையல் ரூமுக்கு வெளியே நின்று பேண்ட்டுகளை மடித்துக்கொண்டிருந்தபோது காதில் விழுந்தது இது. என்னிடம் கேட்டதல்ல. உள்ளே இருந்தவர் கண்ணாடியிடம் கேட்டுக்கொண்டது. சற்று நேரம் கழித்து, வரும்போது கட்டியிருந்த அதே புடவையில் வெளியே வந்தார். நீல ஜீன்ஸை அழகாக மடித்து என் கையில் கொடுத்து, தம்பிக்குச் சேராது என்றார்.

நின்று நின்று கால் வீங்கி, சாயங்காலம் செருப்புக்குள் பாதம் நுழையாத சேல்ஸ் பெண்களான என் இனத்தாருக்கு இது புரியும். துணி வியாபாரத்தில் விற்பது பாதி வேலைதான். வாங்கியவர் அதைப் போட்டுக்கொண்டு தன் தெருவில் நடக்கிற அன்றைக்குத்தான் அது உண்மையில் விற்றதாகும்.

பேசாத பொண்ணு

விழுப்புரத்தில் பி.எஸ்சி. தாவரவியல் முடித்தவள் நான். படிப்பு வந்தது, பேச்சு வரவில்லை. தெரியாதவர் முகத்தைப் பார்த்து இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடியாத ஒருத்தியை யார் வேலைக்கு வைத்துக்கொள்வார்கள்? திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த ரெடிமேடு கடையில் ஆள் எடுப்பதாகத் தெரிந்தவர் ஒருவர் சொல்ல, பாசஞ்சர் ரயிலில் போய் இறங்கினேன். முதலாளியை ஊரே பாய் என்றுதான் கூப்பிடும். அவர் கேட்ட கேள்விகள் எல்லாவற்றுக்கும் தலையை மட்டும் ஆட்டினேன். சேலைப் பிரிவுக்கு வாய் வேண்டும், குழந்தைகள் பிரிவுக்கு அதைவிட வாய் வேண்டும் என்று பக்கத்தில் இருந்த மேனேஜர் சொன்னார். நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

பாய் உட்காரச் சொன்னார். எனக்கு இன்றுவரை சோறு போடுகிற வாக்கியத்தை அப்போதுதான் மேனேஜரிடம் சொன்னார்: “ஜீன்ஸ்ல நிக்க வைய்யி. அதை வாங்க வர்ற பசங்களும் பேசறது கெடையாது.”

தம்பிக்கு

பெண்களுக்கான ஜீன்ஸ் எங்கள் கடைக்கு வந்த பிறகும் அதை யாரும் தனக்கென்று கேட்டதில்லை. சென்னையில் இருக்கிற சித்தி மகளுக்கு, பெங்களூர் அண்ணிக்கு, அல்லது தம்பிக்கு. தம்பிக்கு என்றால் எதற்குப் பெண்கள் அலமாரி என்று நான் கேட்பதில்லை. கேட்காமல் இருப்பது எனக்குக் கைவந்த கலை. ஆனால் பேசாதவளிடம் ஜனங்கள் தாங்களாகவே பேசுகிறார்கள் என்பதை இந்தக் கவுண்டரில்தான் கண்டுபிடித்தேன்.

கண்ணாடியிடம் கேட்டவரின் பெயர் அமலா. மறுவாரமும் வந்தார். அதே ஜீன்ஸை எடுத்துப் பார்த்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை. சுற்று வட்டாரக் கிராமங்களில் நடக்கும் தையல் வகுப்புகளை ஆபீஸ் ஸ்கூட்டியில் போய்ப் பார்த்து வர வேண்டும். கணவர் பெங்களூரில் டிரைவர், வீட்டில் இரண்டு பிள்ளைகள், மாமியார். முதலில் புடவை முந்தானை பின் சக்கரத்தில் சிக்கி விழுந்தார். முட்டியில் தோல் போனதோடு சரி. பிறகு சுடிதாருக்கு மாறினார். துப்பட்டா சிக்கியது. இந்த முறை கை எலும்பு முறிந்து, ஒரு மாதத்துக்கு மேல் கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் கிடந்தார். வண்டி ஓட்ட முடியாது என்றால் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்று ஆபீஸில் மரியாதையாகவே சொல்லிவிட்டார்கள். கழுத்தில் எதுவும் தொங்காத, காலில் எதுவும் பறக்காத உடுப்பு ஒன்று அவருக்கு வேண்டும். வேண்டியது அவ்வளவுதான்.

அப்புறம் ஏன் யோசிக்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. என் முகம் கேட்டிருக்க வேண்டும். “சுடிதாருக்கே ஆறு மாசம் பேசின தெரு அது, தங்கச்சி. இதுக்கு எங்க மாமியாரை வச்சுக்கினு பேசுவாங்க” என்றார்.

ஆணியில் தொங்கும் கழுத்து

இடுப்பளவு தெரியாதவர்களுக்கு எங்கள் தொழிலில் ஒரு வழி இருக்கிறது. ஜீன்ஸின் பட்டனைப் போட்டு, இடுப்புப் பட்டையை இரண்டாக மடித்துக் கழுத்தைச் சுற்றிப் பிடிக்க வேண்டும். இரண்டு முனையும் பிடரியில் தொட்டுக்கொண்டால் இடுப்புக்குச் சரியாக இருக்கும். டிரையல் ரூமுக்குள் போகக் கூச்சப்படுகிறவர்கள், வேட்டியை அவிழ்க்கச் சோம்பல்படுகிறவர்கள் எல்லோருக்கும் இதுதான் அளவு. கழுத்தில் பேண்ட்டைச் சுற்றிக்கொண்டு வரிசையாக நிற்கும் ஜனங்களை நீங்கள் தீபாவளி சமயத்தில் பார்த்திருக்க வேண்டும்.

மண்டகப்பட்டிலிருந்து ஒரு விவசாயி வந்தார். ஓசூரில் வேலை பார்க்கும் மகனுக்கு ஜீன்ஸ் வேண்டும். அளவு தெரியாது. உங்கள் கழுத்தும் அவர் கழுத்தும் ஒன்றாக இருக்குமா என்று மெல்லக் கேட்டேன். அவர் மஞ்சள் பையிலிருந்து மகனின் பழைய சட்டை ஒன்றை எடுத்தார். காலர் பட்டனைப் போட்டார். ஜீன்ஸ் பட்டையை அந்தக் காலர் மேல் சுற்றி வைத்து, முனைகள் தொடும்வரை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். பின்னால் நின்றிருந்த கல்லூரிப் பையன்கள் சிரித்தார்கள். நானும் உள்ளுக்குள் சிரித்தேன், இது திரும்பி வரும் என்று நினைத்துக்கொண்டு. வரவில்லை. பொங்கலுக்கு அவர்தான் வந்தார், இந்த முறை மருமகனின் சட்டையோடு. அடுத்த தடவை ஆளையே கூட்டி வரலாமே என்றேன். அவர் சொன்னார்: “அவங்க எதுக்கும்மா? கழுத்துதான் ஊட்டுல ஆணியில தொங்கிக்கினு இருக்குதே.”

முதல் மூட்டை

இது எனக்கு முந்தைய கதை. பாய் சொல்லிச் சொல்லி, நானே நேரில் பார்த்தது போல் ஆகிவிட்டது. 1993-இல் அவர் சென்னையிலிருந்து முதல் ஜீன்ஸ் மூட்டையை பஸ் கூரையில் போட்டு எடுத்து வந்தாராம். அந்தக் காலத்தில் திண்டிவனத்தில் ஜீன்ஸ் போட்டவர்கள் இரண்டே வகை. ஒன்று, துபாயிலிருந்து வந்தவர்கள். இன்னொன்று, பெண் கொடுக்க யோசிக்க வேண்டியவர்கள். மூட்டை பல நாள் பிரியாமல் கிடந்தது. கடைசியில் கிராமத்துப் பையன் ஒருவன் துணிந்து ஒன்று வாங்கிப் போனான்.

மறுவாரம் அவனுடைய அப்பா வந்து நின்றார். கையில் ஒரு பை. சாயம் போகும், முதல் இரண்டு தடவை உப்புத் தண்ணீரில் தனியாக ஊற வைக்க வேண்டும் என்று பாய்க்கே அப்போது தெரியாது. வந்தவர் பையைக் கவிழ்த்தார். வேட்டி, சட்டை, பள்ளிக்கூடச் சட்டை, துண்டு, எல்லாம் ஒரே இளநீலம். பாய் கை கூப்பப் போனார். அந்த மனிதர் சண்டை போடவில்லை. கல்லாவுக்கு எதிரே உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னாராம்: “பையன் ஒருத்தன்தான் வாங்கினான் பாய். ஊட்டுல அஞ்சு பேரும் போட்டுக்கினு இருக்கோம்.”

துணியும் சாயமும்

சில வருடங்களில் எல்லாம் தலைகீழாயிற்று. எல்லோரும் ஜீன்ஸ். கொத்தனார் கையாள், பெயின்டர், மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலை மண்டியில் மூட்டை தூக்குகிறவர், எல்லோரும். உழைக்கிறவர்களுக்கு அது வசதி. கிழியாது, அழுக்குத் தெரியாது. ஆனால் அவர்கள் போட ஆரம்பித்ததும் கல்லூரிப் பையன்கள் அந்த அடர்நீலத்தைத் தொட மறுத்தார்கள். வெளுத்தது வேண்டும், தொடையில் நரைத்தது வேண்டும், மண்டிக்காரர்கள் போடாதது எதுவாக இருந்தாலும் சரி.

ஒருநாள் சென்னைக் கம்பெனியிலிருந்து ஆர்டர் எடுக்க வந்தவர், கடைப் பிள்ளைகளுக்கு ஜீன்ஸ் வரலாறு சொல்லிக்கொண்டிருந்தார். அமெரிக்காவில் சுரங்கத் தொழிலாளிகளுக்கும் கூலிக்காரர்களுக்கும் தைத்த பேண்ட் இது. கல்லும் கருவியும் போட்டுப் பாக்கெட் பிய்ந்து போகிறதே என்று மூலைக்கு மூலை செம்பு ஆணி அடித்தார்கள். அந்த ஆணிதான் இன்றும் இருக்கிறது. சினிமாக்காரர்களும் மாணவர்களும் போட்டது அப்புறம்தான். பேண்ட் எடுக்க வந்திருந்த மண்டித் தொழிலாளி ஒருவர் தலைச் சும்மாட்டுத் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு இதைக் கேட்டார். அந்த நீலம் எதிலிருந்து வந்தது என்று கம்பெனிக்காரரைக் கேட்டார். அவருக்குத் தெரியவில்லை.

எனக்குத் தெரியும். மூன்று வருடம் படித்த தாவரவியல் முதல்முறையாக வாய் வழியே வெளியே வந்தது. இப்போது ரசாயனச் சாயம்தான், ஆதியில் அவுரிச் செடியிலிருந்து எடுத்தார்கள், இலையைத் தண்ணீரில் ஊற வைத்து அடித்துக் கலக்கினால் நீலம் அடியில் படியும், நம் திண்டிவனம் பக்கமே இன்றும் அவுரி போடுகிறார்கள் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். கடை முழுக்க என்னைப் பார்த்தது. பாய் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். மண்டித் தொழிலாளி மட்டும் நிதானமாகப் பாய் பக்கம் திரும்பினார்: “துணியும் எங்குளுது, சாயமும் எங்குளுது. அப்போ வெலை கொறைச்சுத்தான் போடணும் பாய்.”

கீழ்த்தட்டு

அன்றிலிருந்து எனக்குப் பேச்சு வந்தது. பேச்சு வந்ததும் பெண்கள் வந்தார்கள். புதுச்சேரியில் கம்ப்யூட்டர் டிசைனிங் படித்த பெண் ஒருத்தி, பில் போட்ட ஜீன்ஸைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினாள். இதை வீட்டுக்குக் கொண்டு போக முடியாது, இங்கேயே வைத்துக்கொள்கிறீர்களா, காலையில் வந்து மாற்றிக்கொண்டு பஸ் ஏறுகிறேன், சாயங்காலம் திரும்ப மாற்றிக்கொள்கிறேன் என்றாள். அலமாரியின் கீழ்த்தட்டில் ஓர் ஓரம் கொடுத்தேன். அடுத்த வாரம் அவளுடைய தோழி வந்தாள். பிறகு ஒரு நர்ஸ். கீழ்த்தட்டு நிரம்பிவிட்டது. அடையாளம் குழம்பாமல் இருக்க ஒவ்வொருத்தியும் தன் கவரைத் தன்னுடைய கிளிப்பால் கவ்வ வைத்தாள். சிவப்பு, மஞ்சள், பூப்போட்டது. ஓரத்தில் பச்சைக் கிளிப் மாட்டிய கவர் ஒன்றும் இருந்தது. அது என்னுடையது. ஞாயிற்றுக்கிழமை மதியம் கடையில் கூட்டம் இல்லாதபோது டிரையல் ரூமுக்குள் போட்டுப் பார்த்துவிட்டுத் திரும்ப வைப்பேன்.

அமலாக்கா கடைசியில் அந்த நீல ஜீன்ஸை வாங்கினார். தனக்குத்தான் என்று சொல்லியே வாங்கினார். அவருடைய கவருக்குக் கிளிப் இல்லை. முறிந்த கையைக் கழுத்தில் மாட்டித் தொங்கவிட்டிருந்த வெள்ளைத் துணியால் முடிச்சுப் போட்டிருந்தார். காலையில் ஊரிலிருந்து டவுன் பஸ்ஸில் புடவையில் வருவார். மாற்றிக்கொண்டு, மேலே முட்டிவரை ஒரு டாப்ஸ் போட்டுக்கொண்டு, ஆபீஸில் ஸ்கூட்டியை எடுப்பார். சாயங்காலம் திரும்பப் புடவை. மாதக்கணக்கில் இப்படி நடந்தது. ஒரு முறைகூட விழவில்லை.

பாய்க்கு இது தெரியாமல் இருக்குமா? ஒருநாள் கீழ்த்தட்டின் முன்னால் குனிந்து நின்றுகொண்டிருந்தார். எந்த வீட்டு அப்பனாவது வந்து கடை வாசலில் கத்தினால் அவருக்குத்தானே பேஜார். அவர் மூக்கைச் சுளித்துக்கொண்டு நிமிர்ந்தார்: “வச்சுக்கட்டும்மா. வாரத்துக்கு ஒருதபா தொவைச்சு வைக்கச் சொல்லு.”

கிழிசல்

இதற்கிடையில் முட்டியில் கிழிந்த ஜீன்ஸ் வந்து சேர்ந்தது. புதிதாகவே கிழித்து, நூல் தொங்கவிட்டு, மற்றதைவிட விலை அதிகம். இதில் அடிபடாத சேல்ஸ் ஆட்கள் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள்.

ஓர் அம்மா வந்தார். மகன் உள்ளே வர மறுத்து வெளியே பைக் மேல் உட்கார்ந்திருந்தான். நாங்கள் விற்ற கிழிசல் ஜீன்ஸை அந்த அம்மா தைத்துவிட்டிருந்தார். சாதாரணத் தையல் இல்லை. கீழ் மடிப்பிலிருந்து அதே துணியில் துண்டு வெட்டி, உள்பக்கமாக வைத்து, கிழிசல் இருந்த இடமே தெரியாமல் இழை இழையாக இழுத்திருந்தார். அதற்குத்தான் மகன் நேற்றிலிருந்து சாப்பிடவில்லையாம். இதைத் திரும்ப எடுத்துக்கொண்டு வேறு கொடுக்க முடியுமா என்று கேட்டார். மடித்து அனுப்பும்போது கிழிசலைப் பார்த்து எடுத்து வைத்திருக்கக் கூடாதா என்று எங்கள் மேலும் அவருக்கு வருத்தம். அது கிழிசல் இல்லை, பேஷன் என்று விளக்கினேன். அவர் அந்த முட்டியைத் தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டார். பிறகு சிரித்தார். “நாங்க கிழிஞ்சதைப் போட்டுக்கினு போனப்ப எவனும் பேஷன்னு சொல்லலியேம்மா” என்றார்.

கோயில் தெரு

ஜீன்ஸ் அமெரிக்காவிலிருந்து திண்டிவனம் வந்து சேர நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. திண்டிவனத்திலிருந்து அமலாக்கா ஊருக்குப் போக அதைவிட அதிக நாள் பிடிக்கும் போலிருந்தது.

ஒரு சாயங்காலம் முகம் வாடி வந்தார். திண்டிவனம் ஆபீஸை விழுப்புரத்துக்கு மாற்றுகிறார்கள். இனி வண்டியை வீட்டிலேயே வைத்துக்கொண்டு, காலையில் வீட்டிலிருந்தே நேராகக் கிராமங்களுக்குப் போக வேண்டும். கீழ்த்தட்டால் இனி பயனில்லை. புடவையில் ஓட்டுவதில்லை என்று மாதா மேல் சத்தியம் செய்திருக்கிறார். ஜீன்ஸில் வாசலைத் தாண்ட முடியாது. வேலையை விட்டுவிடுவதாகச் சொல்லத்தான் வந்திருந்தார். வீட்டில் கேட்டுப் பாருங்களேன் அக்கா என்றேன். என்னால் முடிந்தது அதுதான். கேட்டு, மாமியார் முடியாது என்றுவிட்டால், அப்புறம் இத்தனை மாதம் மறைத்ததும் வெளியே வந்துவிடுமே என்றார். கவரை எடுக்காமலேயே போய்விட்டார்.

சனிக்கிழமை மத்தியானம், ஆபீஸிலிருந்து ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டே கடை வாசலுக்குப் புடவையில் வந்து நின்றார். கூட ஓர் அம்மா. வெயிலில் கறுத்த முகம், மல்லாட்டை பிடுங்குகிற கை, கழுத்தில் ஜெபமாலை. இவர்தான் மாமியார் என்று அமலாக்கா சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. டெலிவரி கவர்களை அடுக்கிக்கொண்டிருந்த பையன்கள் வேலையை நிறுத்தினார்கள். பாய் கல்லாவிலிருந்து எழுந்து, அந்த அம்மாவுக்கு ஸ்டூல் போடச் சொன்னார். அவர் உட்காரவில்லை. மருமகளோட பேண்ட் எங்கேம்மா என்று நேராக என்னைக் கேட்டார்.

கீழ்த்தட்டிலிருந்து கவரை எடுத்துக் கொடுத்தேன். முடிச்சுப் போட்டிருந்த வெள்ளைத் துணியைப் பார்த்ததும் அவர் நின்றார். அது அவருடைய பழைய சேலையிலிருந்து கிழித்துக் கொடுத்ததாம். முடிச்சைத் தானே அவிழ்த்தார். ஜீன்ஸை உதறிப் பிரித்து, துணியை இரண்டு விரலால் கசக்கிப் பார்த்தார். கனமாத்தான் இருக்குது என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பின்பு பட்டனைப் போட்டு, பட்டையை மடித்து, கடையில் மற்றவர்கள் செய்வதைப் பார்த்தாரோ என்னவோ, மருமகளின் கழுத்தைச் சுற்றிப் பிடித்தார். முனைகள் தொட்டன.

அமலாக்கா அழ ஆரம்பித்தார். உங்களுக்கு எப்படித் தெரியும் அத்தை என்று மட்டும் கேட்டார். நான் உங்களிடம் சொல்லவே பயந்துகொண்டிருந்தேன், நீங்களே கூட்டிக்கொண்டு வந்துவிட்டீர்களே என்றார்.

“தொவைக்கிறவ நானு. உன் உள்பாவாடையில தெனமும் நீலம் ஒட்டிக்கினு வந்தா எனக்குத் தெரியாதா?” என்றார் மாமியார். “சந்தைக்கு வந்தப்ப நீ இந்தக் கடையில மாத்திக்கினு போறதையும் பாத்துட்டேன். நீயாச் சொல்லுவேன்னு இருந்தேன். நீ வேலையை விடறேன்னு சொல்றே. கையொடிஞ்சு கெடந்தப்ப உனக்குக் கஞ்சி ஊட்டினவ நானு, தெருவுல எவ வந்து ஊட்டினா? போ, மாத்திக்கினு வா.”

அமலாக்கா டிரையல் ரூமுக்குள் போனார். வெகுநேரம் கதவு திறக்கவில்லை. மாமியார் போய் விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். வெளியே வந்தவரின் கையிலிருந்த புடவையை வாங்கிச் சுருட்டிக்கொண்டார். பாய், ஏதோ பில் புத்தகத்தைத் தேடுகிறவர் போல் குனிந்துகொண்டார். நானும் பாயும் அந்தக் கடையில் எத்தனையோ விற்றிருக்கிறோம், இப்படி ஒன்று விற்றதில்லை. யாருக்கு முதலில் நன்றி சொல்வது என்று தெரியாமல் நான் வாசல்வரை போய் நின்றேன்.

அமலாக்கா வண்டியை ஸ்டார்ட் செய்தார். “ஏரிக்கரை மேலயே சுத்திக்கினு போயிடலாமா அத்தை? அந்தப் பக்கம் ஆள் இருக்க மாட்டாங்க.”

“கோயில் தெரு வழியாவே போ” என்றார் மாமியார். தன் முந்தானையை இழுத்து இறுக்கி இடுப்பில் செருகிக்கொண்டார். மருமகளின் புடவைச் சுருளை மடியில் வைத்துக்கொண்டு, அவள் தோளைப் பிடித்து, பின்னால் ஏறி உட்கார்ந்தார்.